கட்டுன புடவை கலையல

1

எனக்கு நாற்பத்தேழு வயது. போன மே மாதம் நீச்சல் பரீட்சையில் தேறினேன். அன்று என்னோடு சான்றிதழ் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு வயது, ஏழு வயது. வரிசையில் நிற்க வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் தலைமட்டும் எல்லாருக்கும் மேலே துருத்திக்கொண்டிருந்தது. சான்றிதழில் கொளஞ்சி என்ற என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். திருத்தச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

நான் இருப்பது நெதர்லாந்து. வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வெல்டர். நான் மீன் கூடத்தில் மீன் அறுக்கிறேன். கடலூரிலும் மீன், இங்கேயும் மீன். அங்கே அரிவாள்மனை, இங்கே கத்தி. அங்கே வெறும் கை, இங்கே இரும்புக் கம்பியில் பின்னிய கையுறை. மற்றபடி முதுகு அதே இடத்தில்தான் வலிக்கிறது.

நான் குடியிருக்கும் தெரு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன். கடலைக் கரை கட்டி நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே வீடு கட்டி, ஜன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். கடலைப் பற்றி இவர்கள் பாட்டுப் பாடுவதில்லை. தாயே என்று கும்பிடுவதும் இல்லை. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நீச்சல் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

டிசம்பர் 26 வரப்போகிறது. எங்கள் குப்பத்தில் கடலில் பால் ஊற்றுவார்கள், பூப் போடுவார்கள். பெண்கள் மணலில் உட்கார்ந்து அழுவார்கள். வாட்ஸ்அப்பில் எனக்குப் படம் வரும். நான் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன். இத்தனை வருடம் அதைத்தான் செய்தேன். இந்த வருடம் அது கிடையாது. இதை எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

2

கடலூர் முதுநகரிலிருந்து உப்பனாற்றைத் தாண்டினால் எங்கள் குப்பம். என் அக்கா அஞ்சலை அங்கேயே வாழ்க்கைப்பட்டது. அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா சொந்தமாக ஒரு மீன்பிடி போட் வைத்திருந்தவர். 2004இல் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். வீட்டுக்காரர் சிதம்பரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்ததால் அங்கே ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம்.

மார்கழித் திருவாதிரைத் திருவிழா நேரம். சிதம்பரத்தில் கால் வைக்க இடமில்லை. அக்காவைத் தேர் பார்க்க வரச் சொல்லியிருந்தேன். முதல் நாள் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டது.

"நான் வரலடி. மாமா காலைல கரைக்கு வருது. மீனு எடுக்க ஆளு வேணாமா?"

"ஒரு நாளு மாமாவே எடுத்துக்கட்டுமே."

"அது மீனத்தான் புடிக்கும். விக்கத் தெரியுமா அதுக்கு? கேக்குறவனுக்கெல்லாம் சும்மா குடுத்துட்டு வந்து நிக்கும். நீ தேரப் பாத்துட்டு வந்து சொல்லு, நான் கேட்டுக்கிறேன்."

நான் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி நடுங்கியது. அங்கிருந்து கிளம்பிய அலை எங்கள் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா போட்டில் இருந்தார். ஆழத்தில் அலை அடியில் போனதே அவருக்குத் தெரியவில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள். தெரியாதவர்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். எங்கள் குப்பத்தின் கதை அந்த இரண்டு வரிதான்.

மீனவப் பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது, எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. பெண்கள் போட்டில் ஏறக் கூடாது, வலையைத் தாண்டக் கூடாது. வயதுக்கு வந்தபிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றாலே ஒரு கிழவனாவது கத்துவான். கடலை வைத்துத்தான் சோறு. அந்தக் கடலில் இறங்க மட்டும் எங்களுக்கு உரிமை கிடையாது.

அக்காவைத் திங்கட்கிழமை வேலிகாத்தான் முள்ளில் கண்டெடுத்தோம். அதை விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அங்கே நின்ற ஒரு பெரிய மனுஷி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அந்தத் தண்ணியிலகூட கட்டுன புடவை கலையல பாரு. மானத்தோட போயிட்டா." மாமா அழுதுகொண்டே அதையே திரும்பச் சொன்னார். பிறகு ஊரே சொன்னது. கருமாதியில் சொன்னார்கள். முதல் வருட நினைவு நாளில் மைக்கில் சொன்னார்கள். கட்டுன புடவை கலையல. ஏதோ பரிசு வாங்கியதுபோல.

எனக்கு அன்றைக்கே அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிய இருபது வருடம் ஆனது.

3

என் மகள் தீபா இங்கே பிறந்தவள். பதினான்கு வயது. என் தமிழ் அவளுக்குப் பாதி புரியும். அவளுடைய டச்சு எனக்குப் பாதி புரியும். மீதிப் பாதிகளில்தான் எங்கள் சண்டை எல்லாம் நடக்கும்.

அவளுக்கு ஆறு வயதில் நீச்சல் பரீட்சை நடந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் எல்லாம் சட்டை, கால்சட்டை, செருப்போடு வந்து நின்றார்கள். உடை மாற்ற மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படியே தொபுக்கென்று குதித்தார்கள். துணியோடு நீந்தினார்கள். பக்கத்தில் இருந்த தாயிடம் ஏன் என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தாள். "வாய்க்காலில் விழும்போது நீச்சல் உடையா போட்டுக்கொண்டு விழுவோம்?"

காபியைக் கீழே வைத்துவிட்டேன். அஞ்சலை அக்கா ஞாபகம்தான். அதன்பிறகு தீபா குதித்தது, நீந்தியது எதுவும் கண்ணில் தெளிவாகத் தெரியவில்லை.

நானே தண்ணீரில் இறங்க இன்னும் சில வருடம் பிடித்தது. பயம்தான், வேறென்ன. இறங்க வைத்தது மாமா. அக்காவின் மகள் ரேவதி சிதம்பரம் பக்கம் கிள்ளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஹரிணி என்று ஏழு வயதில் ஒரு பெண். வீட்டுக்குப் பின்னாலேயே உப்பங்கழி. "ஹரிணிக்கு நீச்சல் சொல்லிக் குடு மாமா" என்று போனில் கேட்டேன். மீனைவிட நன்றாக நீந்துகிற மனுஷன்.

"பொட்டப் புள்ளைக்கு எதுக்கு நீச்சலு? மீனு புடிக்கவா போவப் போவுது?"

"அக்கா மட்டும் மீனு புடிக்கவா போச்சி?"

"அது விதி. புடவை கட்டுன பொம்பளைக்கு நீச்ச தெரிஞ்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. கால சுத்திக்கும். தண்ணியப் பத்தி எனக்கே சொல்றியா நீ?"

அந்த வாரமே பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை, பெண்கள் மட்டும். மொரோக்கோ, சிரியா, துருக்கிப் பெண்கள். சொல்லிக் கொடுத்தவள் மரியான் என்று அறுபது வயதுக்காரி, தோள் இரண்டும் தூணுபோல. முதல் மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தேன். தண்ணீர் மூக்கில் ஏறும்போதெல்லாம் தமிழில் கெட்ட வார்த்தை சொன்னேன். மரியான் அதில் இரண்டைக் கற்றுக்கொண்டாள்.

ஒரு வருடம் கழித்து மற்றதெல்லாம் வந்துவிட்டது. துணியோடு நீந்தும் பகுதிதான் பாக்கி. நான் புடவையில்தான் குதிப்பேன் என்றேன். அக்கா கட்டியிருந்த மாதிரி நைலக்ஸ் புடவை, உள்பாவாடை, ஜாக்கெட், தோளில் ஊக்கு. மாமா சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நிஜம் என்றால் அக்காவுக்கு வழியே இல்லை, வாயை மூடிக்கொண்டு பால் ஊற்றலாம். பொய் என்றால் ஹரிணிக்கு ஒரு வழி இருக்கிறது.

நீச்சல் குளத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. காலைத் தடுக்கும் தளர்ந்த உடை விதிப்படி கூடாதாம். "உங்கள் பாரம்பரிய உடையை மிகவும் மதிக்கிறோம்" என்று ஒரு வரி வேறு. தீபாவைப் பதில் எழுதச் சொன்னேன்.

"மதிக்க வேண்டாம், தண்ணீரில் இறக்குங்கள். அப்பிடியே எழுது."

"அம்மா, இப்படி எழுத முடியாது. இது மரியாத இல்ல."

"எழுதுடி."

"ஸ்கூல்ல என் ஃப்ரெண்டோட அம்மா அங்க வேல செய்றாங்க. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

எழுதாமல் கதவை அறைந்துவிட்டு மாடிக்குப் போனாள். எனக்குத் தெரிந்த டச்சில் நானே எழுதினேன். பிழை எத்தனை இருந்ததோ. நான்கு கடிதம் போனது, நான்கு வந்தது. ஆபத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு படிவம், உடலில் நோய் இல்லை என்று ஒரு படிவம், புடவையின் நீளம் எத்தனை மீட்டர் என்று ஒரு கேள்வி. ஐந்தரை என்று எழுதினேன். அதைப் படித்து மேலாளர் மறுபடி பயந்துவிட்டார். கடைசியில் மரியான் நேராக அவர் அறைக்குள் போய்க் கத்தினாள். "இந்தப் பெண் எதை உடுத்திக்கொண்டு விழுவாளோ அதில்தானே நீந்தத் தெரிய வேண்டும்? விதியை எழுதியவன் இதைத்தானே நினைத்து எழுதினான்?"

அனுமதி கொடுத்தார்கள். கழியோடு இரண்டு பேர் கரையில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

4

முதல் தடவை தோற்றேன்.

குதித்ததும் கொசுவம் விரிந்து, மறு நொடி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியது. உதறினேன், இன்னும் இறுகியது. மேலே வந்து ஒரு மூச்சு இழுத்தேன், கீழே போனேன். அதற்குமேல் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கழியை நீட்டி இழுத்துப் போட்டார்கள். கரையில் கிடந்து இருமியபோது மனதில் ஓடியது ஒன்றுதான்: மாமா சொன்னது சரி.

தீபா வந்திருந்தாள். சண்டை போட்டாலும் வந்துவிட்டாள், செல்போனில் வீடியோவும் எடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள்.

"அம்மா, நீங்க நீந்தவே இல்ல."

"கால் மாட்டிக்கிச்சிடி."

"கால் இல்ல. கையப் பாருங்க."

பார்த்தேன். என் இரண்டு கையும் தண்ணீரைத் தள்ளவில்லை. ஒரு கை மாரோடு முந்தானையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மிதந்து மேலே வந்த புடவையைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டிச் சாகப் போகிற நேரத்தில், பெண்கள் மட்டும் இருந்த ஒரு குளத்தில், நான் தொடை தெரியாமல் மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏன் புடவையப் புடிச்சிங்க? விட்டா போயிடுமே" என்றாள் தீபா. கிண்டல் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரியாதது நல்லது என்று எனக்குத் தோன்றியது. ஊரை விட்டுத் தள்ளிப் போகிறாளே என்று எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவள் எவ்வளவு தூரம் போனாலும் சரி.

மறுநாள் ரேவதியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சித்தி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி என்னப் பக்கத்து மாடி வீட்டுல தூக்கிப் போட்டாங்க இல்ல? அங்கேர்ந்து அம்மாவப் பாத்தேன். தண்ணி அம்மாவ ஜன்னல் ஓரமா இட்டுக்கினு போச்சி. கம்பி கைக்கு எட்டுற தூரம்தான். அம்மா புடிக்கல சித்தி. ரெண்டு கையாலயும் புடவையப் புடிச்சிக்கினு இருந்துச்சி."

அப்போது அவளுக்கு ஆறு வயது. இருபது வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஊர் முழுக்கக் கட்டுன புடவை கலையல என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது இந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

அன்று அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும்.

அந்த வாரம் முழுவதும் வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் படுத்துப் பழகினேன். முதலில் ஊக்கு. கழற்றக் கூடாது, பிய்க்க வேண்டும், ஜாக்கெட் கிழிந்தால் கிழியட்டும். அடுத்தது கொசுவம். ஒரே இழுப்பு. அப்புறம் உடம்பை உருட்டினால் சுற்று தானாகப் பிரியும். வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னாடி, அங்கப்பிரதட்சணம் பண்ற?"

"ஆமா. நீ ஒன், டூ எண்ணு."

மனுஷன் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார். முதலில் முப்பத்தொன்று வந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பதுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அதே புடவை, அதே ஊக்கு. குதித்தேன். காலைச் சுற்றியது. சுற்றட்டும் என்று விட்டேன். ஊக்கைப் பிய்த்தேன். கொசுவத்தை இழுத்தேன். தண்ணீருக்குள் ஒரு உருளல், இன்னொரு உருளல். புடவை என்னை விட்டுவிட்டு ஒரு பெரிய விலாங்கு மாதிரி கீழே போனது. தலையை மேலே தூக்கினேன். உள்பாவாடையில் காற்று அடைத்துக்கொண்டு இடுப்பைத் தூக்கியே கொடுத்தது. பாவாடையும் ஜாக்கெட்டுமாக அந்தக் கோடிக்குப் போய், சுவரைத் தொட்டு, திரும்பி இந்தக் கோடிக்கு வந்தேன். கழி வைத்திருந்தவர்கள் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். மொரோக்கோக்காரி ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நம் ஊர்க் குலவையேதான். குளமே அதிர்ந்தது. மரியான் நான் கற்றுக்கொடுத்த கெட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். தீபா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அம்மா என்றுகூட இல்லை, கொளஞ்சி, கொளஞ்சி என்று.

ஜெயித்தேன். அக்காவுக்கு வழி இருந்தது. ஒன்பது எண்ணும் நேரம். யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

5

ஜெயித்த அன்று தீபா எடுத்த வீடியோவை ரேவதிக்கு அனுப்பினேன். அவள் யாருக்கோ அனுப்ப, சாயங்காலத்துக்குள் குப்பமே பார்த்துவிட்டது. மாமா கூப்பிட்டார். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? ஊரே பாக்குது. பாவாட சட்டையோட நீந்துற. வெளிநாடு போனா வெக்கத்தையும் அங்கியே வுட்டுட்றதா? உங்க அக்கா அந்தச் சாவுலகூட..."

"கட்டுன புடவை கலையல. தெரியும் மாமா. கலைஞ்சிருந்தா உசுரோட இருந்திருக்கும்."

"தே, வாய அடக்கு."

அடக்கவில்லை. ரேவதி பார்த்ததைச் சொல்லிவிட்டேன். ஜன்னல் கம்பியைச் சொன்னேன். இரண்டு கையைச் சொன்னேன். ரேவதி அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததை நான் சொன்னது சரியா என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாலும் சொல்லியிருப்பேன். மாமா போனை வைத்துவிட்டார்.

ஜூன் போனது, ஜூலை போனது. மாமா என்னிடம் பேசவில்லை. மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். வீட்டுக்காரர்கூட, "கொஞ்சம் பாத்துச் சொல்லியிருக்கலாம் நீ" என்றார். இருபது வருடம் எல்லாரும் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தபோது ரேவதி ஒரு வீடியோ அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி: "சத்தமா வெச்சிக் கேளு சித்தி."

கிள்ளை உப்பங்கழி. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் மாமா நிற்கிறார், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. நரைத்துவிட்டார். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பெண் பிள்ளைகள், எல்லாரும் சுடிதாரில். ஹரிணி காலை உதைத்து உதைத்து முன்னால் போகிறாள், அவர் கை அவள் வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. கையை எடுக்கிறார். அவள் மிதக்கிறாள். கடலூரிலிருந்து ஞாயிறு தவறாமல் முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறாராம், இரண்டு மாதமாக. என்னிடம் சொல்லக் கூடாது என்று எல்லாருக்கும் கட்டளையாம்.

பிறகு ரேவதி தண்ணீருக்குள் வருகிறாள். சுடிதார் மேலே ஒரு பழைய நைலக்ஸ் புடவையைச் சுற்றி, தோளில் ஊக்குக் குத்தியிருக்கிறாள். மாமா அவளை ஆழத்துக்கு இழுத்துப் போய்க் கையை விடுகிறார். ரேவதி முங்குகிறாள். மேலே வருகிறாள். அவள் கை முந்தானைக்குப் போகிறது. அம்மாவின் கை போன அதே இடத்துக்கு.

அப்போது கேட்கிறது மாமாவின் சத்தம். நடுக்கடலில் ஒரு போட்டிலிருந்து இன்னொரு போட்டைக் கூப்பிடும் குரல் அது. உப்பங்கழியின் அந்தப் பக்கத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறக்கின்றன.

"புடிக்காத! வுடு! அவுத்து வுடுடி! புடவைய வுட்டுட்டு வாடி எங்கிட்ட!"